மங்க வேண்டிய பல்பு

“உனக்கு அழுகையே வராதா?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் அவளிடம் கேட்ட கேள்வி அது. உள்ளே அவள் கணவரின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கடிகாரம் ஓடல,” என்றாள். உண்மையிலேயே அது ஓடவில்லை. நர்ஸ் அதைப் பார்த்துத்தான் இறந்த நேரத்தை எழுதியிருந்தாள். நாத்தனார் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. மற்ற எல்லோரிடமும் பேசினாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்தது அப்படித்தான்.

அவளும் மறுக்கவில்லை. பார்ப்பது மட்டும் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் மரத்துப் போயிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் சந்தேகக் கேஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டு அதையே தனியாகச் செய்ய ஆரம்பித்தாள். துணைக்குக் கண்டக்டர் வந்து சேர்ந்தார். பாதி ஆயுள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஒருவர் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். வாயை மூடச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

இன்று பஸ் அவர்களை மலை வளைவில் இறக்கிவிட்டுப் போனது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு மண்பாதை. மரங்கள் இலை உதிர்க்கிற காலம். தோளில் விழுந்த ஓர் இலையைக் கண்டக்டர் எடுத்து முன்னும் பின்னும் பார்த்து, செல்லாது என்று கீழே போட்டார்.

வீட்டில் இரண்டு பெண்கள். அண்ணன் மனைவி மூத்தவள், தம்பி மனைவி இளையவள். இவர்களை வரச் சொன்னது இளையவள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

இந்த வீட்டுக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை. பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடையில் அண்ணனான மூத்தவர் ஒரு சின்னத் தடுப்பு கட்டி, தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கி, கொட்டகையில் ஒரு குட்டி டர்பைனைச் சுற்ற விட்டிருந்தார். இப்போது ரோட்டு வளைவு வரைக்கும் கரண்ட் கம்பம் வந்துவிட்டது. அதிலிருந்து லைன் இழுத்துக்கொண்டு மிஷினைக் கழற்றி எறியலாம் என்று இளையவர் சொன்னார். மூத்தவர் பதில் பேசவில்லை. பதில் வராததில்தான் தம்பிக்குக் கோபம் ஏறியது. உன்னையும் உன் மிஷினையும் சேர்த்து ஆற்றில் தள்ளிவிடுவேன் என்று கத்தியிருக்கிறார். பால்காரர் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் வீட்டை விட்டுப் போன மூத்தவர் திரும்பவில்லை. ஓடை போய் ஆற்றில் சேருகிற இடத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைத்தது. மூன்று வாரம் ஆகிறது.

சண்டை, மிரட்டல், செருப்பு. இந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு இன்ஸ்பெக்டர் போன வாரம் இளையவரை விசாரணை என்ற பேரில், கைதைக் கணக்கில் காட்டாமல், ஸ்டேஷனில் உள்ளே வைத்துவிட்டார். நாளைக் காலையில் கோர்ட். அங்கிருந்து ஜெயில். அதற்குப் பிறகு வெளியே எடுப்பது நம் கையில் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

“எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாரம் ஆத்தங்கரையிலேயே கெடந்தாரு,” என்றாள் இளையவள். “வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. தண்ணிக்குள்ள கழி விட்டுத் தேடித் தேடி உள்ளங்கையெல்லாம் புண்ணு. அந்தக் கையிலதான் விலங்கு மாட்டினாங்க.”

மூத்தவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வெங்காயத்துக்கும் இல்லை, புருஷனுக்கும் இல்லை. ஐஸ்பெட்டிக்கு அது பழகிய முகம். தினமும் கண்ணாடியில் பார்ப்பது.

கண்டக்டர் கை கழுவப் போனார். திரும்பும்போது பழக்க தோஷத்தில் குளியலறை சுவிட்சை அணைத்தார். இளையவள் ஓடிப்போய் அதை மறுபடி போட்டாள்.

அப்போதுதான் அவர் கவனித்தார். நல்ல வெயில் நேரம். கூடத்தில் பல்பு எரிந்தது, அறைகளில் எரிந்தது, வாசலில் எரிந்தது, யாரும் இல்லாத மாடிப்படியில்கூட எரிந்தது.

“இங்க எதையும் அணைக்கக் கூடாதுங்க,” என்றாள் இளையவள். “தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும், மிஷின் சுத்திக்கிட்டே இருக்கும். வர்ற கரண்ட யாராவது தின்னுக்கிட்டே இருக்கணும். இல்லன்னா மிஷின் வெறி புடிச்சு ஓடும், பல்பு வெடிக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல நான் ஒரு நாள் எல்லாத்தையும் அணைச்சிட்டுப் படுத்துட்டேன். பெரிய மாமா எந்திரிச்சு வந்து ஒவ்வொண்ணா போட்டுட்டுப் போனாரு. ஒரு வார்த்தை திட்டல.”

“எங்கப்பா இந்த வீட்டுல பொறந்திருக்கணும்,” என்றார் கண்டக்டர். “லைட்ட அணைக்காம வந்ததுக்கு நான் வாங்கின அடிய வெச்சு ரெண்டு புள்ளைங்கள வளர்த்திருக்கலாம்.”

ஐஸ்பெட்டி கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கொட்டகையில் டர்பைன் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புப் பீப்பாய். வீடு தின்றது போக மிச்சக் கரண்ட் பீப்பாய்க்குள் இருக்கும் ஹீட்டருக்குப் போகும், அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்கும், அதனால்தான் பல்புகளையும் அணைப்பதில்லை என்று இளையவள் விளக்கினாள். குளிக்க, துணி துவைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். கண்டக்டர் விரலை விட்டுப் பார்த்தார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

“இதுல குளிச்சா மேடம், ஆளு வெந்துதான் வெளிய வருவான்.”

ஐஸ்பெட்டி பீப்பாயிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தாள். கொட்டகைக் கூரையில் இலைகள் விழும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு, தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடம் எங்கே என்று கேட்டாள்.

மேலே எங்கேயோ, என்றாள் இளையவள். அவள் போனதில்லை. அங்கே ஒரு கம்பிச் சல்லடை இருக்கிறதாம். அதில் இலை வந்து அப்பிக்கொண்டால் தண்ணீர் நுழையாது. அதனால் மூத்தவர் தினமும் காலையில் போய் வழித்துவிட்டு வருவார். போன வருஷம் இதே இலை உதிரும் சமயத்தில் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறுநாளே பீப்பாய்த் தண்ணீர் ஆறிப்போனது. சாயங்காலம் பல்பெல்லாம் சிவந்து, மங்கி, ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்துச் சாப்பிட்டார்கள். இளையவர்தான் திட்டிக்கொண்டே மேலே ஏறிச் சுத்தம் செய்துவிட்டு வந்தார்.

“இப்ப யாரு போறாங்க?”

இளையவள் விழித்தாள். மூத்தவர் இல்லை. இளையவர் ஆற்றங்கரையில் இருந்தார், இப்போது ஸ்டேஷனில் இருக்கிறார். இவளுக்கு வழி தெரியாது.

“யாரும் போகலியே,” என்றாள் மெதுவாக.

பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது.

“அப்ப பேய்தான் வந்து இலை பொறுக்குது,” என்றார் கண்டக்டர். ஆனால் அவர் குரலிலும் சிரிப்பு இல்லை.

திரும்ப வீட்டுக்குள் வந்ததும் ஐஸ்பெட்டி மூத்தவளிடம் அதே கேள்வியைக் கேட்டாள். மூத்தவள் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள். இந்த வருஷம் இலை கம்மி, தானாகவே ஓடுகிறது என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் வழியாக இரண்டு இலைகள் உள்ளே வந்து விழுந்தன. ஐஸ்பெட்டி அவற்றைப் பார்க்காதது போல இருந்துவிட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. அதன் கண்ணாடிக்குள் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் அதன் வாய்க்குப் போய்விடலாம். இருவரும் ஏறினார்கள். பாதி வழியில் கண்டக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“மேடம், அந்தப் பெரியம்மா டிக்கெட் எடுத்தவங்க.”

“எப்படிச் சொல்றீங்க?”

“செக்கர் ஏறினா, டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான். எடுத்தவன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்குவான். இருக்கான்னு. நீங்க கேள்வி கேட்டப்ப அந்தம்மாவும் தொட்டுப் பாத்தாங்க. கையால இல்ல, கண்ணால.”

“எதை?”

“தலைக்கு மேல தொங்கற பல்ப.”

ஐஸ்பெட்டி குனிந்தாள். குழாயில் காதை வைத்தாள். உள்ளே தண்ணீர் நிறைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே, ஓடையின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் தடுப்பு. அதன் ஓரத்தில் சாய்வாகக் கம்பிச் சல்லடை. ஒன்றிரண்டு இலைகள்தான் ஒட்டியிருந்தன. பக்கத்தில், மறுபடி தண்ணீருக்குள் விழாதபடி சரிவின் மறுபுறம், இலைக்குவியல். கண்டக்டர் ஒரு குச்சியால் அதைப் புரட்டினார். அடியில் கறுத்து அழுகிய இலை. நடுவில் பழுப்பு. மேலே இன்று காலை வழித்தது, இன்னும் ஈரம் காயாத மஞ்சள்.

“பேய் ரொம்ப ஒழுங்கு,” என்றார். “இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யற ஆளு எங்க டெப்போவுல ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் யாரும் தேங்க்ஸ் சொன்னதில்ல.”

போலீஸ்காரர்களும் ஊர்க்காரர்களும் ஏன் இங்கே வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. செருப்பு கீழே கிடைத்தது. தண்ணீரில் போனவரைத் தண்ணீர் போகும் திசையில்தானே தேடுவார்கள். இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக் கூடத்தில், எரிகிற பல்புக்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரையும் விசாரித்திருக்கிறார். பல்பு எரிவதில் அவருக்கு என்ன அதிசயம் இருக்க முடியும்? சுவிட்சைப் போட்டால் கரண்ட் வரும் வீட்டில் இருப்பவர் அவர்.

ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வெறுங்கால். தாடி. சட்டை ஒரு தோளில் கிழிந்திருந்தது. கையில் இலை வழிக்க நீளமான மரவாரி, பெரிய சீப்பு மாதிரி. சல்லடைக்குப் பக்கத்தில் நின்று கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் வழித்தார். இலையை மறுபுறம் தள்ளினார். மறுபடி வழித்தார். அவசரமே இல்லை.

கண்டக்டர் எழப் போனார். ஐஸ்பெட்டி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்த ஆள் வேலையை முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்து போனாள். அவர் ஓடவில்லை. திடுக்கிடவும் இல்லை.

“என்னைத் தேடியா?” என்றார்.

“உங்க தம்பிக்காக.”

அது அவருக்குப் புரியவில்லை. தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். அவள் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று காலை சல்லடையை வழிக்கும்போது கால் வழுக்கியது. ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது.

“அத எடுக்கணும்னு தோணல,” என்றார். “மீதி செருப்ப போட்டுக்கிட்டு நடக்கணும்னு தோணல. அப்புறம் கீழ எறங்கணும்னும் தோணல.”

“தம்பி மேல கோபமா?”

“இல்ல. அவன் சொன்னது சரிதான். லைன் இழுத்துக்கலாம். எனக்கு எதுவுமே தோணல. அவ்வளவுதான்.”

மேலே, தடுப்பு கட்டிய நாளில் சிமெண்ட் மூட்டைகள் வைக்கப் போட்ட ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே படுத்துக்கொண்டார். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. கீழே போலீஸ் ஜீப் வந்ததைப் பார்த்திருக்கிறார். தன்னைத் தேடுகிறார்கள், அலுத்துப்போனால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

“எல்லாத்தையும் விட்டீங்க, இத மட்டும் ஏன் விடல?” என்று கண்டக்டர் மரவாரியைக் காட்டினார்.

அவர் அதை யோசித்ததே இல்லை போலிருந்தது. “இலை அடைச்சா அணைஞ்சிடுமே,” என்றார்.

ஐஸ்பெட்டிக்கு, கணவர் போன பிறகு தன் வீட்டு வாசலில் எடுக்காமல் கிடந்து புளித்த பால் பாக்கெட்டுகள் ஞாபகம் வந்தன. குனிந்து எடுப்பது பெரிய வேலை இல்லை. தோன்றவில்லை. இந்த ஆளிடம் அவள் ஏன் என்று கேட்காமல் விட்டது அதனால்தான்.

“உங்க தம்பி உங்களக் கொன்னுட்டார்னு உள்ள வெச்சிருக்காங்க,” என்றாள். “நாளைக்குக் கோர்ட்டு. நீங்க ஆத்துல இருக்கீங்கன்னு அவரு ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள தேடியிருக்காரு. கையெல்லாம் புண்ணாயிடுச்சாம்.”

மூத்தவர் மரவாரியைத் தடுப்புச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு எழுந்து முன்னால் நடந்தார்.

வீட்டு வாசலில் இளையவள் அவரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடித் தன் புருஷனின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். “இதப் போட்டுக்கிட்டு வாங்க மாமா. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் கெளம்பிடுவாரு.” வேறு எதையும் கேட்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

மூத்தவள் எழுந்து நின்றிருந்தாள். செத்தவர் திரும்பி வந்த வீட்டில் திடுக்கிடாத ஒரே ஆள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு புருஷனிடம் கொடுத்தாள், வயலிலிருந்து வந்தவருக்குக் கொடுப்பது போல.

“உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றாள் ஐஸ்பெட்டி.

இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

“சல்லடையை வழிக்கிற ஒரே ஆள் ஆத்துல போயிட்டாரு. இலை கொட்டற காலம். மறுநாளே வீடு இருட்டாயிடும்னு உங்களுக்குத் தெரியும். யாராயிருந்தாலும் மொதல்ல அரிக்கேனைத் தொடைச்சு எண்ணெய் ஊத்துவாங்க. நீங்க அத ஆணியிலேர்ந்துகூட எடுக்கல. கரண்ட் வரும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு.”

மூத்தவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுக்கவில்லை.

“செருப்பு கெடைச்ச அன்னிக்கு மங்கும்னு உக்காந்திருந்தேன்,” என்றாள். “மங்கல. மறுநாளும் மங்கல. பீப்பாயில கை வெச்சுப் பாத்தேன், சுட்டுது. சரி, இருக்காருன்னு தூங்கிட்டேன்.”

“அக்கா,” என்றாள் இளையவள்.

“சொன்னா நீங்கள்லாம் மேல போய் இழுத்துட்டு வந்துடுவீங்க. இழுத்துட்டு வந்தா ரெண்டு நாள் இருப்பாரு. அப்புறம் எட்டாத எடத்துக்குப் போயிடுவாரு. மேல இருந்தா இருக்காருன்னாவது தெரியும்.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “தம்பிய விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ஆளே கெடைக்கல, எத்தனை நாள் வெச்சிருப்பாங்கன்னு.”

“அவரு ஆத்தங்கரையில கெடந்தப்ப நீங்கதான சாப்பாடு கட்டிக் குடுத்தீங்க,” என்றாள் இளையவள். “தினமும் நீங்கதான கட்டினீங்க.”

“ஆமா.”

மூத்தவர் செம்பைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தெரிந்துகொண்டேதான் இருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் எட்டியது. அந்த முகத்தில் என்ன வந்தது என்று ஐஸ்பெட்டியால்கூடப் படிக்க முடியவில்லை. அவர் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டார். அது அவருக்கு இறுக்கமாக இருந்தது. நான்கு பேர் ரோட்டுக்கு இறங்கினார்கள். மூத்தவள் வரவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பப் போனவர், அதைக் கழற்றி மறுபடி மேஜையில் வைத்தார். மூத்தவரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

“இருபத்தோரு பக்கம் எழுதியிருக்கேங்க,” என்றார் ஐஸ்பெட்டியிடம், ஏதோ அவள் தப்பு செய்த மாதிரி.

“கொலை செய்யப்பட்டவரே வந்து கையெழுத்துப் போடறாரு சார்,” என்றார் கண்டக்டர். “இதவிட நல்ல சாட்சி யாருக்குக் கெடைக்கும்?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கேள்விகள் கேட்டார், எழுதினார், கையெழுத்து வாங்கினார். பிறகு உள்ளே பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

இளையவர் வெளியே வந்தார். விடுகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பெஞ்சில் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். நின்றார்.

மூத்தவர் எழுந்தார். இருவருக்கும் நடுவே ஒரு கை நீட்டும் தூரம்தான். அடி விழும் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் மேஜையைச் சுற்றி வந்தார். கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைத்து இளையவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஒனக்குக் கை எப்படி இருக்கு?” என்றார் மூத்தவர்.

கான்ஸ்டபிள் ஒருவர் இளையவரின் பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இளையவர் அதை வாங்கினார். உள்ளங்கைகளில் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஒவ்வொரு வளையமாக பெல்ட்டைக் கோத்து இழுத்தார். இடுப்பு இளைத்திருந்தது. கடைசி ஓட்டைக்கும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அங்கே ஓட்டை இல்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் தொங்கும்படி விட்டார். அண்ணனை ஒருமுறை தலையிலிருந்து வெறும் பாதம் வரைக்கும் பார்த்தார், எதுவும் குறையாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல.

எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது. அவர் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அண்ணனைத் தாண்டி, வாசல்படி இறங்கி, தெருவில் நடந்து போனார்.